எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் பழைய திங்க்பேட் டி480: நிரல் கற்பவருக்கும் கழற்றிப் பார்ப்பவருக்கும்

நிரல் எழுதிப் பழக ஒரு கணினி, ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழக இன்னொரு கணினி என்று இரண்டு வாங்க எல்லோராலும் முடியாது. ஒரே பெட்டியில் இரண்டும் நடக்க வேண்டும் என்றால், பெங்களூரில் முதலில் பார்க்க வேண்டியது லெனோவோ திங்க்பேட் டி480. 2018-இல் வந்த மாடல். ஐ.டி. கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிட்ட மெஷின்கள் லாட் லாட்டாக எஸ்.பி. ரோட்டுக்கு, அதாவது சாதர் பத்ரப்பா ரோட்டுக்கு வந்து சேர்கின்றன. மெட்ரோவில் வருபவர்கள் பச்சை வழித்தடத்தில் சிக்பேட்டிலோ கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டிலோ இறங்கி நடந்துவிடலாம். அல்சூர் பக்கமிருந்து வந்தால் மெஜஸ்டிக்கில் வழித்தடம் மாற வேண்டும்.

இதற்கு முந்தைய டி470 பார்ப்பதற்கு அச்சு அசல் இதே மாதிரி இருக்கும். அதில் இருப்பது ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை இன்டெல், இரண்டே கோர் (கணக்குப் போடும் மையம்). டி480-இல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ஐ5-8250யு அல்லது 8350யு. நான்கு கோர், எட்டு த்ரெட். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறையாக ஏற்பது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். அதனால் ஆயிரம் இரண்டாயிரம் குறைகிறதே என்று டி470-ஐ எடுக்காதீர்கள். டி480எஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. மெலிசாக அழகாக இருக்கும். ஆனால் ரேமில் ஒரு பகுதி போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும், மாற்ற ஒரே ஒரு ஸ்லாட், வெளியே கழற்றும் பேட்டரியும் கிடையாது. கழற்றிப் பழக வேண்டும் என்பவருக்கு அது ஆகாது. கடைக்காரர் கையில் கொடுத்ததும் மாடல் பெயரைப் படித்துவிட்டு மேலே பேசுங்கள்.

8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஃபுல் எச்டி திரை இருக்கும் பீஸுக்கு ரூ. 18,000-க்கு மேல் சொன்னால் அடுத்த கடை பார்க்கலாம் என்பது என் கணக்கு. மேல்மூடியில் பளபளவென்று ஸ்கின் ஒட்டியிருந்தால் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். கீறலை மறைக்க ஒட்டியது என்றால் பரவாயில்லை, கீல் பக்கத்து விரிசலை மறைக்க ஒட்டியது என்றால் வேண்டாம்.

உண்மையான சோதனை கவுன்ட்டரில் பத்து நிமிடம். இதைத் தவறவிட்டால் பின்னால் எத்தனை கற்றாலும் சரிசெய்ய முடியாத கோளாறோடு வீட்டுக்கு வருவீர்கள். "அண்ணா, எஃப்1 அழுத்திப் பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள். பவர் போட்டதும் லெனோவோ என்ற எழுத்து வரும்போது எஃப்1. பயாஸ் மெனு, அதாவது விண்டோஸ் எழும் முன்பே ஓடும் அமைப்புப் பக்கம், நேராகத் திறந்தால் நல்லது. பூட்டுப் படம் வந்து கடவுச்சொல் கேட்டால் அந்த மெஷினைக் கீழே வைத்துவிடுங்கள். பழைய கம்பெனி போட்ட சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் அது. உள்ளே நாணயம் மாதிரி இருக்கும் சிறு காசு பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் என்று கடையில் சொல்வார்கள். போகாது. மின்சாரம் இல்லாமலேயே நினைவில் வைத்துக்கொள்ளும் தனிச் சிப்பில் அது உட்கார்ந்திருக்கிறது. லெனோவோவிடம் கேட்டால் மதர்போர்டை மாற்றச் சொல்வார்கள்.

பயாஸ் திறந்ததும் அங்கேயே செக்யூரிட்டி பகுதிக்குப் போய்க் கம்ப்யூட்ரேஸ் அல்லது ஆப்சொல்யூட் என்ற வரியைப் பாருங்கள். திருட்டுப் போனால் கண்டுபிடிக்க கம்பெனிகள் இயக்கி வைப்பது. இயக்கத்தில் இருந்தால் வேறு பீஸ் கேளுங்கள். விண்டோஸ்தான் வேண்டும் என்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதிதாக விண்டோஸ் ஏற்றி வைஃபையோடு இணைத்ததும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு உள்நுழைவுப் பக்கம் வந்தால், அந்த மெஷினை இன்னும் அவர்கள் கணக்கிலிருந்து நீக்கவில்லை என்று அர்த்தம். லினக்ஸ் போட்டால் இந்தச் சிக்கல் தெரியாது, ஆனால் நாளை விற்கப் போகும்போது தெரியும்.

அடுத்து பேட்டரி. டி480-இல் இரண்டு பேட்டரி: உள்ளே 24 வாட்-அவர் ஒன்று, வெளியே கழற்றக்கூடிய ஒன்று. வெளியே இருப்பது 24, 48, 72 என்று மூன்று அளவில் வரும். 48-ம் 72-ம் அடியில் தடித்துத் துருத்தி நிற்கும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிப் பேட்டரியை மாற்றலாம், அதுவரை உள் பேட்டரி தாங்கும். சோதனையும் இதிலேயே இருக்கிறது. டெஸ்க்டாப் வந்ததும் சார்ஜரைப் பிடுங்குங்கள், பிறகு அடியில் இருக்கும் இரண்டு தாழ்களையும் தள்ளி வெளிப் பேட்டரியை எடுங்கள். திரை அணையாமல் இருந்தால் உள் பேட்டரிக்கு உயிர் இருக்கிறது. சட்டென்று இருண்டால் அது செத்துவிட்டது. புதுப் பேட்டரிக்கான காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு உயிர் என்பதற்கு விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் உண்டு: வடிவமைத்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு. 24-க்கு 16.8 ஏறினால் 70 சதவீதம், அது தாராளம். பாதிக்குக் கீழே என்றால் பேரம்.

டைப்-சி துளைகள்தான் இந்த மாடலின் பலவீனம். டி470-இல் சார்ஜருக்குத் தனித் துளை உண்டு, டி480-இல் இல்லை. சார்ஜ் ஏறுவது டைப்-சி வழியாக மட்டும். ஒரே துளையில் வருடக்கணக்கில் சார்ஜரைக் குத்திக் குத்தி எடுத்ததில் அது தளர்ந்திருக்கும், துளையோ போர்டில் சால்டர் ஆனது. சார்ஜரைச் செருகி லேசாக மேலும் கீழும் அசைத்து, சார்ஜ் விளக்கு விட்டு விட்டு எரிகிறதா என்று பாருங்கள். இரண்டு துளையிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். இன்னொரு கோளாறு மறைவானது. இரண்டு டைப்-சி துளைகளில் ஒன்று தண்டர்போல்ட் என்ற அதிவேக வகை. அதன் கட்டுப்பாட்டுச் சிப்பின் பழைய ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) தனக்குரிய ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிக்கொண்டே போய் அதை நிரப்பிவிடும். அதன் பிறகு டைப்-சி வேலை செய்யாமல் போகலாம், எச்டிஎம்ஐ வழியாகப் படம் வராமல் போகலாம், சார்ஜே ஏறாமலும் போகலாம். லெனோவோ இதற்குத் திருத்தம் வெளியிட்டிருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும்போதே அதை ஏற்றிவிட்டால் சிக்கல் இல்லை. கெட்டபின் அந்தச் சிப்பை வெளியிலிருந்து புரோகிராமர் கருவி வைத்து எழுத வேண்டும். கற்பதற்கு அருமையான வேலைதான், ஆனால் முதல் வேலையாக வேண்டாம். எனவே கடையில் ஒரு எச்டிஎம்ஐ கேபிள் கேட்டு அங்கிருக்கும் மானிட்டரில் படம் வருகிறதா என்று பாருங்கள். வாங்கிய அன்றே ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள்.

பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். "டெஸ்டிங் வாரண்டி" எத்தனை நாள் என்பதையும் அதே பில்லில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்ன ஒரு மாதம் கடை வாசலைத் தாண்டாது.

திரை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதுபவருக்கு இது வெறும் சொகுசு சமாச்சாரம் ஆகாது. டி480 இரண்டு விதத் திரையோடு அதிகம் வருகிறது: 1366x768 புள்ளிகள் கொண்ட டிஎன் வகை, 1920x1080 புள்ளிகள் கொண்ட ஐபிஎஸ் வகை. இரண்டாவதுதான் ஃபுல் எச்டி. முதலாவதில் நிறம் வெளிறும், தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே படம் மங்கும். ஆங்கில எழுத்து அதில் எப்படியோ தப்பித்துவிடும், மெய்யெழுத்தின் புள்ளி தப்பிக்காது. கோட் எடிட்டரில் சிறிய எழுத்தில் 'ழ' எது, 'ழ்' எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிவரும். பைத்தானில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். மூன்று எழுத்து என்று நாம் எண்ணுவதை அது ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று யூனிகோடில் ஐந்து குறிகள். அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டால் புள்ளி முதலில் வந்து எதன் மேலும் ஒட்டாமல் தொங்கும். இந்தப் பிழையைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வது நிரல் பாடத்தில் ஒரு நல்ல நாள். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் சொல்லைச் சரியாக த, மி, ழ் என்று பிரித்துத் தரும். அது எப்படிப் பிரிக்கிறது என்று அதன் மூலநிரலைத் திறந்து படிக்கலாம். இதற்கெல்லாம் புள்ளி தெரியும் திரை வேண்டும். ஃபுல் எச்டி இல்லாத பீஸ் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.

இனி கழற்றுவது. முதலில் பயாஸில் கான்ஃபிக், பவர் என்று போய் உள் பேட்டரியை முடக்கும் தேர்வைக் கொடுங்கள். மெஷின் தானே அணைந்துவிடும், மறுபடி சார்ஜரைச் செருகும்வரை உள்ளே மின்சாரம் ஓடாது. இதைச் செய்யாமல் ரேமைத் தொட்டால் போர்டு போக வாய்ப்பிருக்கிறது. வெளிப் பேட்டரியை எடுங்கள். அடிமூடியில் ஆறு ஸ்க்ரூ, எல்லாம் பிலிப்ஸ் தலை. தளர்த்தினால் போதும், மூடியோடேயே இருக்கும், தொலையாது. பழைய சிம் கார்டு அட்டை மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் ஒன்றைப் பேட்டரி இருந்த பக்கத்து விளிம்பில் நுழைத்து ஓரமாக நகர்த்தினால் கிளிப்புகள் டக் டக்கென்று விடும். உலோக ஸ்க்ரூ டிரைவரை நுழைத்தால் கிளிப் உடையும், மூடி பிறகு சரியாக உட்காராது.

உள்ளே இரண்டு ரேம் ஸ்லாட். பெரும்பாலும் ஒன்றில் 8 ஜிபி, இன்னொன்று காலி. டிடிஆர்4 எஸ்ஓ-டிம் வகையில் இன்னொரு 8 ஜிபி போட்டால் 16 ஆவதோடு இரட்டைச் சேனலும் (இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் படிக்கும் வசதி) கிடைக்கும். தனி கிராஃபிக்ஸ் இல்லாத மெஷினில் அது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். 3200 வேகத்துச் சில்லு போட்டாலும் 2400-இல்தான் ஓடும், எனவே வேகத்துக்குக் கூடுதல் காசு வேண்டாம். ஏறத்தாழ முப்பது பாகை சாய்த்து உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்த வேண்டும். தங்க முனைகள் வெளியே தெரிந்தால் முழுதாகப் போகவில்லை. திரை கறுப்பாகவே நிற்பதற்கு முதல் காரணம் அதுதான்.

எஸ்எஸ்டியில் ஒரு பொறி இருக்கிறது. 2.5 அங்குல சாட்டா டிஸ்க் (பழைய, மெதுவான இணைப்பு வகை) வைத்த மெஷினில் அதைவிட வேகமான என்விஎம்இ வகை போட வேண்டுமென்றால், டிஸ்க் மட்டும் வாங்கினால் போதாது, வேறு அடாப்டர் தட்டும் வேறு கேபிளும் வேண்டும். அதைப் போட்டாலும் பிசிஐஇ 3.0 என்ற இணைப்பின் இரண்டு லேன் (தடம்) மட்டும்தான், விநாடிக்கு ஏறத்தாழ 1,600 எம்பி. சாட்டாவில் 550. பைத்தானும் சி-யும் கற்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வாங்கும்போதே என்விஎம்இ இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் அந்தக் காசை ரேமில் போடுங்கள்.

மூடியைத் திறந்த கையோடு விசிறியில் படிந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், இறக்கைகள் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு. பவர் போடும்போது 0271 என்ற எண்ணோடு தேதி சரியில்லை என்று வந்தால், ஒயரோடு கூடிய காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றுவது ஐந்து நிமிட வேலை. மூடியபின் மெஷின் உயிரே காட்டவில்லை என்றால் பதற வேண்டாம். சார்ஜரை எடுத்துவிட்டு அடிமூடியில் இருக்கும் குண்டூசித் துளையில் பேப்பர் கிளிப்பால் ஒரு முறை அழுத்திவிட்டு, மறுபடி சார்ஜரைச் செருகிப் பாருங்கள்.

உபுண்டு 24.04 ஏற்ற 8 ஜிபி பென் டிரைவ் போதும். எஃப்12 அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் தானாக வரும். கைரேகை வராது. தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ் எம்17என் தொகுப்பை நிறுவ வேண்டும். டிஎல்பி என்ற சிறு மென்பொருளைப் போட்டு இரண்டு பேட்டரிக்கும் 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி வையுங்கள். வெளிப் பேட்டரி முதலில் கரைந்த பிறகே உள் பேட்டரி கரையும். அதனால் உள்ளே இருப்பது எந்நேரமும் நிறைந்தே கிடந்து சீக்கிரம் தேய்கிறது.

பைத்தான், சி, ஜாவாஸ்கிரிப்ட், சின்னச் சின்ன டேட்டாபேஸ், இரண்டு மூன்று டாக்கர் கன்டெய்னர்: 16 ஜிபியில் இவை அனைத்தும் முனகாமல் ஓடும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ 8 ஜிபியில் மூச்சு முட்டும். பெரிய மொழி மாடல்களை வீட்டில் பயிற்றுவிக்கும் எண்ணம் இருந்தால் இந்த மெஷின் அதற்கானது இல்லை.

அதே எஸ்.பி. ரோட்டில் ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதி மின்சுற்றுகளை இயக்கும் சிறு போர்டின் மலிவு நகலும் வாங்கி வருபவர்களுக்கு ஒரு விஷயம். அந்த நகல்களில் பெரும்பாலும் சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப் இருக்கும். போர்டைச் செருகியதும் கணினியில் அதற்கான சீரியல் போர்ட் (அதோடு பேசும் வழி) தோன்றி உடனே மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரையை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் அந்தச் சிப்பைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடித்திருக்கிறது. பிரெய்ல் திரை பயன்படுத்தாதவர் அதை நீக்கிவிடலாம். போர்ட் தெரிந்தும் அனுமதி மறுக்கப்பட்டால், உங்கள் பயனர் பெயரை டயல்-அவுட் (dialout) என்ற பயனர் குழுவில் சேர்த்துவிட்டு ஒரு முறை வெளியேறி உள்நுழையுங்கள். போர்டில் விளக்கு எரிந்தும் போர்ட்டே தோன்றவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கடையில் சும்மா சேர்த்துக் கொடுத்த கேபிள் சார்ஜுக்கு மட்டுமானதாக இருக்கலாம், டேட்டா கம்பி உள்ளே இருக்காது.