லிஸ்பனும் சின்ட்ராவும்: எதில் ஏறலாம், எதை விடலாம்?

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "லிஸ்போவா கார்டு (பயணமும் அருங்காட்சியக நுழைவும் சேர்ந்த சுற்றுலா அட்டை) வாங்கலாமா, வேண்டாமா?" என்பதுதான். அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் சுலபமாகிவிடும். இந்த ஊரில் தூரம் பெரிய விஷயமே இல்லை, ஏற்றம்தான் ஆளைச் சாய்க்கும். மேப்பில் அரைக் கிலோமீட்டர் என்று காட்டும் இடம் நேரில் மூச்சு வாங்கவைக்கும் படிக்கட்டாக இருக்கும். நடைபாதையில் பதித்திருக்கும் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்கள் ஆள் நடந்து நடந்தே வழவழப்பாகிவிட்டன. மழை பெய்தால் வழுக்கும். அதனால் எந்த வண்டியையும் நான் ஒரே கேள்வியால்தான் எடைபோடுகிறேன்: இது என்னை மேலே ஏற்றிவிடுமா? இறங்குவதைக் கால் பார்த்துக்கொள்ளும்.

சரி, சீட்டுக்கு வருவோம். மெட்ரோ நிலைய இயந்திரத்தில் அரை யூரோவுக்கு நவெகான்ட் என்ற அட்டை கிடைக்கும். ஆளுக்கு ஒன்று கட்டாயம். அதில் ஒற்றைப் பயணம் போடலாம், 24 மணி நேரச் சீட்டு போடலாம், அல்லது 'ஸாப்பிங்' என்று பணமாகவே ரீசார்ஜ் செய்துகொள்ளலாம். ஸாப்பிங்கில் ஏறும்போதெல்லாம் கட்டணம் கழியும், ஒற்றைச் சீட்டைவிடக் கொஞ்சம் மலிவு, மெட்ரோ, பஸ், டிராம், புறநகர் ரயில், படகு எல்லாவற்றிலும் செல்லும். ஒற்றைப் பயணம் இரண்டு யூரோவை ஒட்டியும் 24 மணிச் சீட்டு ஏழு யூரோவை ஒட்டியும் இருப்பதால், ஒரே நாளில் நாலைந்து தடவை ஏறுவதாக இருந்தால்தான் நாள் சீட்டு லாபம். அந்த 24 மணி நேரம் முதல் தடவை அட்டையைத் தொட்ட நொடியிலிருந்து ஓடும். மாலை மூன்று மணிக்குத் தொடங்கினால் மறுநாள் மூன்று மணிவரை. ஒரு அட்டையில் ஒரு நேரத்தில் ஒரு வகைதான் நிற்கும் என்பதால், இரண்டும் வேண்டுமென்றால் இன்னொரு அரை யூரோ கொடுத்து இரண்டாவது அட்டை வாங்கி, எது எது என்று பேனாவால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

லிஸ்போவா கார்டு 24 மணி நேரத்துக்கு முப்பது யூரோ அளவில் வருகிறது. பெலெம் பக்கம் போய் ஜெரோனிமோஸ் மடாலயம், அருங்காட்சியகங்கள் என்று ஒரே நாளில் அடுக்கடுக்காகப் பார்க்கிறவர்களுக்கு அது நல்ல பேரம். பழைய பேட்டையான அல்ஃபாமாவின் சந்துகளில் சுற்றி, மேட்டு முனைகளில் உட்கார்ந்து ஊரைப் பார்க்கிறவர்களுக்குத் தண்டச் செலவு. பக்கத்து மலை ஊரான சின்ட்ராவுக்குப் போகும் ரயில் அதில் அடக்கம்தான், ஆனால் அங்குள்ள பேனா அரண்மனைக்குத் தள்ளுபடி மட்டுமே. திங்கட்கிழமை மட்டும் இதை வாங்காதீர்கள். ஜெரோனிமோஸ் அன்று மூடியிருக்கும்.

என் ஓட்டு ஸாப்பிங்குக்கு.

அடுத்து, எல்லோரும் படம் எடுக்கும் 28 டிராம். மார்த்திம் மோனிஸ் சதுக்கத்திலிருந்து கம்போ தெ ஓரிக் வரை போகும் அந்த மஞ்சள் மரப்பெட்டி 1930களின் வடிவம், அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் பகலில் வரிசையில் நின்று, உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு, பையைக் கட்டிப்பிடித்தபடி போனால் ஜன்னல் காட்சியே கிடைக்காது. ஜேப்படிக்கும் பெயர்போன தடம் அது. காலை எட்டு மணிக்குள் ஏறுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். குன்றின் மேலுள்ள சாவ் ஜோர்ஜெ கோட்டைக்கு ஏறத்தான் டிராம் என்றால், ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 சிற்றுந்து கோட்டை வாசல் வரை போகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது இலவச வழி: ஃபன்கெய்ரோஸ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் பொது லிஃப்ட் இருக்கிறது. ஏறி மதலேனா தெருவில் வெளியே வந்து, ஏறக்குறைய எதிரிலேயே இருக்கும் சிறு சதுக்கத்தைத் தாண்டினால், சூப்பர்மார்க்கெட் உள்ள கட்டடத்தில் இரண்டாவது லிஃப்ட். அதன் உச்சியில் மொட்டைமாடி. அங்கிருந்து கோட்டைக்குக் கொஞ்ச நடைதான். திரும்பும்போது அல்ஃபாமா வழியாக நடந்தே இறங்கலாம், அந்தப் பேட்டை இறங்குகிறவர்களுக்குத்தான் முகம் காட்டும்.

எதிர்ப்பக்கக் குன்றுக்கும் இப்படி ஒரு வழி உண்டு. பைஷா-ஷியாதோ மெட்ரோ நிலையத்தின் எஸ்கலேட்டர்கள் டிக்கெட் கதவுக்கு வெளியே இருப்பதால், கீழ் வாசலில் நுழைந்து காசில்லாமல் மேலே ஷியாதோவில் வெளிவரலாம். பக்கத்துக் கமோயிஸ் சதுக்கத்திலிருந்து 24 டிராம் பிரின்சிபெ ரியால் பக்கம் ஏறும், 28 அளவுக்குக் கூட்டம் இல்லை. முன்பு இந்த ஏற்றத்துக்குப் பலரும் நம்பியிருந்தது 1885இல் தொடங்கிய குளோரியா கம்பிவட வண்டியை. 2025 செப்டம்பர் 3 அன்று அது தடம்புரண்டு 16 பேர் இறந்தார்கள். அதன்பின் இத்தகைய வண்டிகளை நிறுத்திவைத்துச் சோதித்தார்கள். பழைய வழிகாட்டிகளை நம்பி அதைத் திட்டத்தில் சேர்க்காமல், போகும் முன் நிலவரம் பாருங்கள்.

டுக்-டுக்? நம் ஆட்டோவேதான், விலை மட்டும் சுற்றுலா விலை. முழங்கால் வலிக்கும் அப்பா அம்மாவோடு போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் எடுங்கள், ஏறும் முன் தொகையைப் பேசிக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து வர மெட்ரோ சிவப்புத் தடமே போதும். அலமேதாவில் பச்சைக்கு மாறினால் ஊர் நடுவிலுள்ள ரோசியூ வந்துவிடும். மெட்ரோ ஓடுவது இரவு ஒரு மணி வரைதான், அதற்கப்புறம் டாக்ஸி.

ஊருக்கு வெளியே என்றால் சின்ட்ராவா, கடலோர ஊரான கஷ்கய்ஷா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் ரயிலில் நாற்பது நிமிடம், ஒரு வழிக்கு இரண்டரை யூரோ அளவு. கஷ்கய்ஷ் ரயில் காய்ஷ் தொ சொத்ரெ நிலையத்திலிருந்து ஆற்றையும் கடலையும் ஒட்டியே போகும். போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். குழந்தைகள் இருந்தால் வழியில் கர்கவேலோஷ் கடற்கரையில் இறங்கிவிடலாம். அதில் திட்டமிட ஒன்றும் இல்லை.

சின்ட்ராவுக்குத்தான் திட்டம் வேண்டும். ரோசியூ நிலையத்தில் குதிரை லாட வடிவ வாசலுக்குள் நுழைந்து, எஸ்கலேட்டரில் மேலே போனால்தான் நடைமேடை. ரயில் கிளம்பியதும் சுரங்கத்துக்குள் போய்விடும். சின்ட்ராவில் இறங்கியதும் 434 பஸ் மூரிஷ் கோட்டை, பேனா அரண்மனை என்று வட்டமடிக்கிறது. அதற்குத் தனி டிக்கெட், லிஸ்பன் நாள் சீட்டு செல்லாது. வட்டம் முழுவதற்கும் காசு கொடுக்காமல், ஏறுவதற்கு மட்டும் வாங்கி, கோட்டையிலிருந்து வில்லா சஸெத்தி காட்டுப்பாதையில் நடந்து இறங்குவதே என் வழி. பேனாவுக்கு நேரம் குறித்த டிக்கெட். பூங்கா வாசலிலிருந்து அரண்மனைக் கதவுவரை அரைமணி நேரம் பிடிக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஒரே நாள்தான் இருக்கிறது, வானமும் தெளிவு என்றால் சின்ட்ரா. மூடுபனி மலையைப் போர்த்தியிருந்தால் கஷ்கய்ஷ். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டுமே பாதியாகிவிடும்.

சின்ட்ராவுக்குக் கார் எடுத்துப் போவதை மட்டும் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். மலைப்பாதை குறுகல், ஒருவழி, வெளி வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வேறு. கிழக்கே உள்ள எவோரா நகரம்கூட லிஸ்பன் ஓரியன்ட் நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். எவோரா இருக்கும் அலென்தெஜோ பகுதியின் சின்ன ஊர்களுக்குத்தான் கார் உண்மையில் தேவைப்படும். அப்போதும் லிஸ்பனை முடித்துக் கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் எடுங்கள், கூடவே சுங்கச்சாவடிக் கருவியையும் கேட்டு வாங்குங்கள். சில நெடுஞ்சாலைகளில் பணம் கட்டச் சாவடியே கிடையாது, மேலே இருக்கும் கேமராதான்.