வில்லுக்கு வெனீர் வாங்குகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

ஃபைபர்கிளாஸ் வில் கட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். 'அசல் மரம், பின்னால் எதுவும் ஒட்டாதது, வில்லுக்கு ஏற்றது' என்று சொல்லி ஒருவர் எனக்கு வால்நட் பர்ல் வெனீர் (மரத்தின் முண்டிலிருந்து மெல்லிசாகச் சீவிய சுழிகள் நிறைந்த தகடு) விற்றார். பின்பக்கம் தாளோ ஃபிளீஸோ (நெய்யாத மெல்லிய இழைத் துணி) ஒட்டியிருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டிருந்தேன். இல்லவே இல்லை என்று எழுத்திலேயே பதில் வந்தது.

இருந்தது. மரத்தின் நிறத்திலேயே சாயம் ஏற்றி, இழை தெரியாதபடி தேய்த்துவிட்ட ஃபிளீஸ்.

நடுவில் மேப்பிள் மரக் கோர், இருபுறமும் வெனீர், அதன்மேல் கிளியர் கிளாஸ் (உள்ளே தெரியும் ஃபைபர்கிளாஸ் பட்டை). எபாக்ஸிப் பசை தடவி, வில்லின் வடிவ அச்சான ஃபார்மில் அழுத்தி, சூட்டுப் பெட்டியில் வைத்து எடுத்தேன். பர்லின் சுழிகள் கிளாஸுக்கு அடியில் அவ்வளவு அழகாகத் தெரிந்தன. டில்லரிங்கில், அதாவது வில் சரியாக வளைகிறதா என்று இழுத்துப் பார்த்துச் சீராக்கும்போது, பாதி இழுப்பைத் தாண்டியதும் டப்பென்று ஒரு சத்தம். மேல் லிம்பின் (பிடிக்கு மேலே வளையும் கையின்) வெளிப்பக்கக் கிளாஸ் நுனிவரை உரிந்துவிட்டது. கயிறு கட்டி எட்ட நின்று இழுத்ததால் தப்பித்தேன். கையில் பிடித்து இழுத்திருந்தால் முகத்திலேயே அடித்திருக்கும்.

விற்றவரைக் கேட்டால், "உங்க பசை சரியில்லை" என்றார். பிரிந்த இடத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பினேன். வெனீர் கிளாஸோடு ஒட்டியே இருந்தது. பிரிந்த இரண்டு முகங்களிலும் பஞ்சு போல இழை. எபாக்ஸி பிடியை விடவே இல்லை, ஃபிளீஸ்தான் நடுவில் இரண்டாகக் கிழிந்திருந்தது. பசை விட்டிருந்தால் ஒரு முகமாவது வழவழவென்று இருக்கும். வெட்டிய சரக்கைத் திருப்பி எடுப்பதில்லை என்று ஒரு வரி வந்தது. அப்புறம் பேச்சே இல்லை.

மேசைக்கும் அலமாரிக்கும் ஃபிளீஸ் நல்லதுதான், வெனீர் வெடிக்காமல் காக்கும். வில்லில் அப்படியில்லை. வளைவின் பாரத்தில் பெரும்பங்கு வெளியே இருக்கும் கிளாஸுக்கு, அது கோரோடு சேர்ந்து வேலை செய்வது இந்த வெனீர் வழியாக மட்டுமே. சுமார் 0.6 மில்லிமீட்டர் தடிமன்தான், ஆனால் ஒவ்வொரு இழுப்பிலும் சறுக்கிப் பிரிக்கப் பார்க்கும் விசை முழுவதும் அதன்மேல் விழுகிறது.

அதனால் வெட்டுவதற்கு முன் ஓரத் துண்டு ஒன்றை உடைத்துப் பாருங்கள். வெறும் பர்ல் பட்டென்று இரண்டாகும். ஃபிளீஸ் இருந்தால் உடைந்தபின்னும் தொங்கிக்கொண்டிருக்கும். பின்பக்கத்தை 80 கிரிட் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தால் மரத்தூளுக்குப் பதில் பஞ்சு எழும். அசிட்டோனில் நனைத்த துணியில் சாயம் இறங்கினாலும் சந்தேகப்படுங்கள். பர்ல் நெளியாமல் இருக்கக் கிளிசரின் கலந்த நீரில் நனைத்து அழுத்துவதும் உண்டு. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள், மிச்சம் நின்றால் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது.

ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்கள் என்றால், நாண் ஏற்றும் முன் லிம்பின் பக்கவாட்டை வழவழவென்று தேய்த்து லென்ஸில் பாருங்கள். வெனீருக்கும் கோருக்கும் நடுவே மரமல்லாத மெல்லிய கோடு தெரிந்தால் அந்த வில்லை இழுக்கவே வேண்டாம்.