சேலம் செவ்வாய்ப்பேட்டை குடோனில் இருப்புச் சரிபார்ப்பு: நான் பார்த்தவரை

ஜவ்வரிசி குடோன் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அஸ்தம்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியை ஒருவர், பழைய மாணவர்கள் இருவரோடு வந்து சரக்கு இருப்பைச் சரிபார்த்துத் தருகிறார். அடுத்த வருடமும் இவர்களைத்தான் கூப்பிடப்போகிறேன்.

முன்பெல்லாம் வருகிறவர்கள் கதவோரத்து மூட்டைகளில் குத்தூசி போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். கலப்படச் சரக்கை உள் அட்டியில் (மூட்டை அடுக்கில்) வைத்துவிட்டால் யார் கண்ணிலும் படாது.

இந்த அம்மா வந்ததும் ஒரு கேள்வி கேட்டார்: "இருக்கிற 400 மூட்டையில் எத்தனை கெட்டிருந்தால் உங்களுக்குத் தாங்காது?" 20 என்றேன். குலுக்கலில் விழும் 44 மூட்டையைத் திறந்தால் போதும், 20 கெட்டிருந்தால் ஒன்றாவது சிக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு என்றார். பத்தே மூட்டை கெட்டிருந்தாலும் சிக்க வேண்டுமா? 82 திறக்க வேண்டும். ஒரே ஒரு மூட்டை என்றால் 360!

சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கும் இதுதானாம். 1970-ல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின்படி அணு ஆலைகளைச் சோதிக்கும்போது, அவர்களும் தாங்காத அளவை முதலில் வைத்துக்கொள்கிறார்கள்: அணுகுண்டு செய்ய உதவும் புளுட்டோனியம் என்றால் 8 கிலோ. அதைப் பொறுத்தே எத்தனை கலன்களைச் சோதிப்பது என்று முடிவாகிறது.

சோதனைக்கு முன்பே மேஸ்திரியையும் லோடுமேன்களையும் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "சொல்லாமல் வந்தால்தானேம்மா பிடிக்க முடியும்?" என்று மேஸ்திரி கேட்டார். அதற்கு அவர் சொன்ன பதில்தான் எனக்கு இந்தச் சேவையிலேயே பெரிது. 1960-களில் அமெரிக்க ஆயுதக் கட்டுப்பாட்டு முகமைக்காகச் சில ஆட்டக் கோட்பாட்டு நிபுணர்கள் (எதிராளி என்ன செய்வார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முடிவெடுப்பதை ஆராய்பவர்கள்) இந்தச் சிக்கலை ஆராய்ந்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ஆமன் அவர்களில் ஒருவர். இன்னொருவரான மைக்கேல் மாஷ்லர் 1966-ல் காட்டியது: சோதிப்பவர் தன் திட்டத்தை முன்கூட்டியே அறிவித்து, அதை மீறாமல் நடந்தால் அவருக்குத்தான் ஆதாயம். மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு என்பது எதிராளிக்குத் தெரிகிறது. ஏமாற்றினால் கட்டாது என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்கிறார். அறிவிப்பது விதியை மட்டும். எந்த மூட்டை என்பது குலுக்கும்வரை யாருக்கும் தெரியாது.

எங்கள் ஆட்கள் முகம் சுளிக்காமல் நின்றார்கள். யாரோ சந்தேகப்பட்டு அவர்கள் அடுக்கிய அட்டியைக் கை காட்டவில்லை, எண் விழுந்தது, அவ்வளவுதான். வருடக்கணக்காக நம்மிடம் சுமை தூக்குகிறவர்களை இப்படி மரியாதையோடு நடத்தும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நாடுகளுக்கு இடையிலும் இது வேண்டும். சோதனைக்கு ஆள் வந்தாலே குற்றம் சாட்டியதாகிவிடக் கூடாது.

குறை ஒன்று உண்டு. ஜவ்வரிசி காயக் காய எடை குறையும். இயல்பான குறைவு எது, களவு எது என்பதற்கு அறிக்கையில் இரண்டே வரி. கேட்டபோது நன்றாகவே விளக்கினார்: வருடத்துக்கு 8 டன் புளுட்டோனியம் பிரிக்கும் ஆலையில் அளவையில் 1 சதவீதம் பிசகினாலே 80 கிலோ, அதை மாதிரியெடுப்பு மட்டும் தீர்க்காது, வரவு செலவை அடிக்கடி நேர்செய்தாக வேண்டும். இதை எழுதியும் கொடுத்திருக்கலாம்.

கட்டணம் திறக்கும் மூட்டைக் கணக்கில். உள் மூட்டைகளை எடுக்க அட்டி பிரிக்கும் கூலி நம்முடையது, அதனால் இருப்பு குறைவாக உள்ள சமயத்தில் கூப்பிடுங்கள். ஐம்பது மூட்டைக்குள் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் தாங்களே திறந்து பார்த்துவிடலாம்.