லிந்துலை ரோட்டில் ஊர்க்கோழி முட்டை

இலங்கை மலையகத்தில் தலவாக்கலை டவுனைத் தாண்டி லிந்துலைக்குப் போகும் ரோட்டில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் கோழி வளர்த்து முட்டை விற்கிறார் ஓர் அக்கா. முட்டை சின்னது, மஞ்சள் கரு நல்ல நிறம், ருசியும் உண்டு. கடை முட்டையைவிட விலை கூடத்தான்.

நான் அங்கே வாங்குவதற்குக் காரணம் வேறு. பண்ணைக் கூண்டில் இருக்கும் கோழி, ஒன்றரை வயது தாண்டி முட்டை குறைந்ததும் இறைச்சிக்குப் போய்விடும். அந்த இனத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சுகளைப் பெரும்பாலும் முதல் நாளே கொன்றுவிடுகிறார்கள். இறைச்சிக்கோழிக்கு ஆயுசே சுமார் 6 வாரம். விட்டால் 5 வருடத்துக்கு மேலும் வாழக்கூடிய உயிர் அது! இந்த அக்காவிடம் முட்டை நின்றுபோன கிழட்டுக் கோழிகளும் தேயிலைச் செடிகளுக்குள் கிளறிக்கொண்டு திரிகின்றன. “அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி, இத்தன நாள் குடுத்துச்சுதானே” என்றார்.

ஒரு குறை. சேவல்களை மட்டும் சாமி பூசைக்குக் கொடுக்கிறார். அதையும் விடச் சொல்லிக் கேட்டேன்; நேர்த்திக்கடன் என்று வருகிறவர்களிடம் எப்படி மறுப்பது என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை, மறுபடியும் கேட்பேன்.

மழைக்காலத்தில் முட்டை குறைவு. காலையிலேயே போங்கள், பெட்டியும் கொண்டு போங்கள்.