ஆறு லட்சம் சம்பளம், மணிக்கு எவ்வளவு? 2080, 208, 240 என்ற எண்களின் ஒப்பீடு

ஆண்டுக்கு 600 ஆயிரம், அதாவது 6 லட்சம் ரூபாய் சம்பளம். மணிக்கு எவ்வளவு என்று கேட்டால் 205 ரூபாய் என்றும் சொல்லலாம், 323 ரூபாய் என்றும் சொல்லலாம். இரண்டிலும் வகுத்தல் சரியாகத்தான் இருக்கும். கீழே போடும் மணிக்கணக்குதான் வேறு. ஓவர்டைம் பணம் வாங்கவா, இரண்டு வேலைகளை ஒப்பிடவா, சொந்தத் தொழிலுக்குக் கட்டணம் சொல்லவா என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும்.

| முறை | ஆண்டுக்கு மணி | 6 லட்சத்துக்கு மணிக்கு |
|---|---|---|
| ஐந்து நாள் வாரம், விடுமுறை கழித்தது | 1,856 | ரூ.323.28 |
| வாரம் 40 மணி × 52 | 2,080 | ரூ.288.46 |
| வாரம் 44 மணி × 52 | 2,288 | ரூ.262.24 |
| மாதம் 26 நாள் × 8 மணி | 2,496 | ரூ.240.38 |
| மாதம் 30 நாள் × 8 மணி | 2,880 | ரூ.208.33 |
| 365 நாள் × 8 மணி | 2,920 | ரூ.205.48 |

2080: அமெரிக்காவின் எண்

இணையத்தில் கிடைக்கும் சம்பளக் கணிப்பான்கள் பெரும்பாலும் 2080-ஐத்தான் எடுத்துக்கொள்கின்றன. 60 ஆயிரம் டாலர் சம்பளம் என்றால் மணிக்கு 28.85 டாலர். மனக்கணக்காக ஆயிரத்தை விட்டுவிட்டு மிச்சத்தைப் பாதியாக்கினால் 30 வரும். நான்கு சதவீதம் கூடுதல், பேச்சுக்குப் போதும். அமெரிக்க மத்திய அரசு மட்டும் தன் ஊழியர்களுக்கு 2087-ஆல் வகுக்கிறது. ஓர் ஆண்டில் வேலைநாள் எப்போதும் 260 இருப்பதில்லை, 261, 262 என்றும் வரும். நாள்காட்டி திரும்ப வரும் 28 ஆண்டுச் சுற்றின் சராசரியைப் பார்த்தால் 2087 கிடைக்கிறது.

சென்னையில் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு 2080 ஓரளவு பொருந்தும். சனிக்கிழமையும் வேலை என்றால் இந்த எண் மணிக்கூலியை ஊதிக் காட்டும்.

26-ஆ, 30-ஆ?

நம் ஊரில் உண்மையான தகராறு இதில்தான். 26 என்பது வார விடுமுறை போக மாதத்தில் வேலை செய்யும் நாள். வேலையை விட்டு விலகும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு, ஓர் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்று 15/26 கணக்கிடுவதும் இந்த எண்ணை வைத்துத்தான். 30 என்பது ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துச் சம்பளம் தருவதாகக் கொள்வது.

மாதம் 26,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 208-ஆல் (26 × 8) வகுத்தால் மணிக்கு 125 ரூபாய், 240-ஆல் (30 × 8) வகுத்தால் 108.33. தொழிற்சாலையில் ஓவர்டைமுக்கு இரட்டிப்பு வீதம். மாதம் 40 மணி ஓ.டி. பார்த்தால் முதல் கணக்கில் 10,000 ரூபாய், இரண்டாவதில் 8,667. சட்டம் சொன்ன இரட்டிப்பையே கொடுத்தும் 1,333 ரூபாய் குறைகிறது. கூடவே, அந்த வீதம் அடிப்படைச் சம்பளத்தின் மேலா, பஞ்சப்படியும் சேர்ந்தா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். அதனால் வரும் வித்தியாசம் இதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

சம்பளம் பிடிக்கும்போது இதே கணக்கு தலைகீழாகும். ஒரு நாள் வராவிட்டால் 30-இன்படி 867 ரூபாய் போகும், 26-இன்படி 1,000 போகும். அதாவது ஓவர்டைமுக்கு 26 தொழிலாளிக்கு நல்லது, பிடித்தத்துக்கு 30 நல்லது. ஓ.டி.க்கு 30-ம் பிடித்தத்துக்கு 26-ம் போடும் நிறுவனத்தில் இரண்டு பக்கமும் நஷ்டம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்பவர்கள் குறைவு. கேட்கத் தகுந்த கேள்வி இதுதான்.

வெளிநாடு போனால் எண்ணும் மாறும். சிங்கப்பூரில் அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 × 44 = 2,288-ஆல் வகுக்க வேண்டும்: 2,400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மணிக்கு 12.59, ஒன்றரை மடங்கு ஓவர்டைம் 18.88. மலேசியாவில் மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, வரும் நாள்கூலியை அன்றாட வேலை மணியால் வகுப்பார்கள்: 2,600 ரிங்கிட்டுக்கு எட்டு மணி வேலை என்றால் 12.50. இலங்கையில் கடை, அலுவலக ஊழியர்களுக்கு 240-ஆல் வகுத்து ஒன்றரை மடங்கு தருவது வழக்கம்.

இரண்டு வேலைகளை ஒப்பிட

இதற்கு மேலே சொன்ன நிலையான எண்கள் எதுவும் உதவாது. நிஜமாக உட்காரும் மணியை எண்ண வேண்டும். முதல் வேலை 6 லட்சம், வாரம் ஐந்து நாள், எட்டு மணி. 260 நாளில் 10 பண்டிகை விடுமுறையும் 18 சம்பள விடுப்பும் போக 232 நாள், 1,856 மணி, மணிக்கு ரூ.323. இரண்டாவது 7 லட்சம், ஆறு நாள், ஒன்பது மணி. 313 நாளில் 10-ம் 12-ம் போக 291 நாள், 2,619 மணி, மணிக்கு ரூ.267. லட்ச ரூபாய் கூடுதல் என்று ஓடிப்போனவர் மணிக்கு 56 ரூபாய் குறைவாக வாங்குகிறார்.

சி.டி.சி. தொகையை, அதாவது நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத்தை, அப்படியே மேலே போடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் பாதி என்றால், 6 லட்சத்தில் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 12 சதவீதப்படி 36,000, கிராஜுவிட்டி 4.81 சதவீதப்படி 14,430. இவை மாதாமாதம் கைக்கு வராது. மிச்சம் 5,49,570-ஐ வகுத்தால் முதல் வேலையின் வீதம் 296-க்கு இறங்கும். பி.எஃப். உங்கள் பணம்தான், அதைச் சேர்ப்பதில் தப்பில்லை. ஐந்து ஆண்டு இருக்கும் எண்ணம் இல்லாதவர் கிராஜுவிட்டியைச் சேர்ப்பதில் அர்த்தமில்லை. எப்படிச் செய்தாலும் இரண்டு வேலைக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

தனித்தொழில் செய்பவருக்கு

வேலையை விட்டு ஃப்ரீலான்ஸ் வருபவர் பழைய சம்பளத்தை 2080-ஆல் வகுத்து, 290 ரூபாய் என்று கட்டணம் சொல்வது அடிக்கடி நடக்கும் தவறு. வாடிக்கையாளரைத் தேடுவது, விலை பேசுவது, பில் அனுப்புவது, வசூலுக்கு அலைவது எதற்கும் யாரும் காசு தரமாட்டார்கள். 1,856 மணியில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போனால் பில் போட ஏறக்குறைய 1,200 மணிதான் மிஞ்சும். கணினி, இணையம், மருத்துவக் காப்பீடு, மென்பொருள் சந்தா என்று ஆண்டுக்கு 90 ஆயிரம் செலவு வைத்தால் 690 ஆயிரத்தை 1,200-ஆல் வகுக்க வேண்டும்: மணிக்கு ரூ.575. சம்பளக்காரரின் எண்ணைப்போல் இரண்டு மடங்கு. பேராசை இல்லை, கணக்கு.

மொத்த விலைக்கு எடுத்த வேலையில் இன்னொரு கண்ணி. 60 ஆயிரத்துக்குப் பேசி 100 மணி என்று நினைத்தால் மணிக்கு 600; திருத்தம் திருத்தமாக வந்து 140 மணி ஆனால் 429. எத்தனை முறை திருத்தம் என்று முன்பே எழுதிவிட வேண்டியது இதற்காகத்தான். 60 ஆயிரத்துக்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அடக்கம் என்றால் உங்களுடையது 50,847 மட்டுமே. டி.டி.எஸ். அப்படியல்ல, அது முன்கூட்டிப் பிடித்த வருமான வரி, ரிட்டர்னில் கழிந்துவிடும். வீதத்தில் கழிக்க வேண்டாம்.

எக்செல்லில் எங்கே தப்பு நேரும்

தலைப்பில் ‘ரூ. ஆயிரத்தில்’ என்றிருக்கும் பத்தியில் 600 என்று கிடந்தால் 1000-ஆல் பெருக்கிவிட்டுத்தான் வகுக்க வேண்டும், மறந்தால் 0.29 வரும், உடனே கண்ணில் படும். சில கோப்புகளில் செல்லுக்குள் 6,00,000 இருந்தும், ஆயிரங்களைச் சுருக்கிக் காட்டும் வடிவமைப்பால் 600 என்று தெரியும். அதையும் பெருக்கினால் மணிக்கு இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் வரும். செல்லைச் சொடுக்கி மேலே சூத்திரப் பட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நேரத்தில் வரும் தப்பு அவ்வளவு எளிதில் தெரியாது. ஏழரை மணியை 7.30 என்று எழுதினால் ஏழு மணி 18 நிமிடம் ஆகிவிடும், 7.5 என்று எழுத வேண்டும். 7:30 என்று நேர வடிவில் உள்ளிட்டால் எக்செல் அதை ஒரு நாளின் பங்காக, 0.3125 என்று வைத்துக்கொள்ளும். தொகையை வகுக்கும் முன் அந்தச் செல்லை 24-ஆல் பெருக்குங்கள்.