டிடி 214ல் தப்பாகப் பதிந்த வேலைப் பிரிவைத் திருத்தித் தந்த கவுண்டி அலுவலகம்

எங்கள் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) முன்னாள் படைவீரர்களுக்கென்று ஓர் உதவி அலுவலகம் இருக்கிறது. கோர்ட் கட்டடத்துக்குப் பின்னால், இரண்டே அறை. அமெரிக்க ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த நம்மாட்கள் நிறைய பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கும் வெளியே வந்து மூன்று வருடம் தெரியவில்லை. ஐந்துக்கு நாலரை ஸ்டார் கொடுக்கிறேன், அந்த அரை ஏன் குறைந்தது என்று கீழே சொல்கிறேன்.

நான் 2013ல் மாவ்னி திட்டத்தில் சேர்ந்தவன். கிரீன் கார்டு இல்லாவிட்டாலும் தேவையான மொழி தெரிந்தவர்களை எடுத்துக்கொண்ட திட்டம் அது, அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. முதலில் எனக்குக் கிடைத்தது 92ஏ, அதாவது கிடங்கு, உதிரி பாகம், ஸ்டாக் கணக்கு. 2016ல் பிரிவு மாறினேன். ஓக்லஹோமாவில் போர்ட் சில்லில் பயிற்சி முடித்து 13பி, பீரங்கிக் குழு. அதற்கப்புறம் 2020ல் வெளியே வரும் வரைக்கும் 155 மில்லிமீட்டர் ஹோவிட்சர் பீரங்கி பக்கத்தில்தான் என் வாழ்க்கை. ஆனால் ராணுவத்தை விட்டு வரும்போது கொடுக்கிற பணிச் சான்றான டிடி 214ன் 11ஆம் கட்டத்தில், முதன்மை வேலைப் பிரிவு என்ற இடத்தில், 92ஏ மட்டும்தான் இருந்தது, ஏழு வருடமும் நான் கிடங்கிலேயே உட்கார்ந்திருந்த மாதிரி. வெளியே வரும் நாளில் எனக்கு முன்னும் பின்னும் பத்துப் பேர் நின்றார்கள், கவுன்ட்டரில் இருந்தவர் பேனாவை நீட்டிக்கொண்டே இருந்தார். பெயர் சரியா, தேதி சரியா, நல்லபடி விடுவிக்கப்பட்டதற்கு அடையாளமான ஹானரபிள் என்று இருக்கிறதா, இதைத்தான் பார்த்தேன். கையெழுத்து போட்டேன்.

இரண்டு காதிலும் ஓயாமல் ஒரு விசில் சத்தம். ராத்திரி ஃபேன் போடாமல் தூங்க முடியாது. அதற்காக விஏவில், அதாவது முன்னாள் படைவீரர் நலத் துறையில், உதவித்தொகை கேட்டு கிளெய்ம் போடலாம் என்றுதான் இந்த அலுவலகத்துக்கே போனேன். எந்தப் பிரிவில் வேலை பார்த்தவருக்குப் பெரும் சத்தத்தில் இருந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று விஏவிடம் ஒரு பட்டியலே இருக்கிறது, பீரங்கிக்காரர்கள் அதில் மேல் வரிசையில் வருகிறார்கள். காது இரைச்சலுக்குக் கிடைக்கிற 10 சதவீத ஊன மதிப்பீட்டுக்கு வரும் பணம் பெரிய தொகை ஒன்றும் கிடையாது. ஆனால் நான் பார்த்த வேலையை நான் பார்த்ததாக ஒரு காகிதம் சொல்ல வேண்டாமா? எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

அங்கே இருந்த அதிகாரி ஒரு பெண்மணி, அவரும் ராணுவத்தில் இருந்தவர். நான் காது கதையை ஆரம்பிக்கும்போதே கையை நீட்டி டிடி 214ஐ வாங்கினார். பென்சில் முனையை 11ஆம் கட்டத்தில் வைத்தார், அப்படியே கீழே இழுத்து 14ல் நிறுத்தினார். 14ஆம் கட்டம் ராணுவப் படிப்பு. அங்கே பீரங்கிக் குழுப் பயிற்சி இத்தனை வாரம், 2016 என்று தெளிவாக இருந்தது! ஒரே காகிதம், மேலே ஒரு கதை, கீழே வேறு கதை. மூன்று வருடம் டிராயரில் வைத்திருந்த என் கண்ணில் படாதது அவருக்கு ஒரு நிமிஷத்தில் பட்டது. "கிளெய்மை இன்றைக்குப் போட வேண்டாம், முதலில் இதைச் சரி பண்ணுவோம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த ரிவ்யூவை எழுதுகிறேன்.

அடுத்து அவர் கேட்டது, பிரிவு மாற்றிய ஆர்டர் இருக்கிறதா என்று. இந்த இடத்தைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 11ஆம் கட்டத்தில் வருவது ராணுவம் உங்களுக்கு முறைப்படி கொடுத்த பிரிவு. ஆள் பற்றாக்குறை என்று உங்களை வேறு வேலையில் போட்டு, நீங்கள் அதை நாலு வருடம் உயிரைக் கொடுத்துச் செய்திருந்தாலும், ஆர்டர் இல்லாமல் அந்தக் கட்டத்தை மாற்றுவது ரொம்பக் கஷ்டம். ஆர்டர் இருந்தால் அதே விஷயம் வெறும் எழுத்துப் பிழை திருத்தம் ஆகிவிடுகிறது. நாங்கள் எல்லோரும் ஐ லவ் மீ புக் என்று ஒரு ஃபைல் வைத்திருப்போமே, ஆர்டர், சான்றிதழ், பாராட்டுக் கடிதம் எல்லாம் போட்டு வைப்பது, அது வீட்டுக் கராஜில் கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. அதில் ஆர்டரும் இருந்தது, போர்ட் சில் கொடுத்த பயிற்சி மதிப்பீடும் இருந்தது.

எங்கே அனுப்புவது என்பதிலும் நான் தப்பாகத்தான் நினைத்திருந்தேன். டிடி 149 என்ற படிவத்தை நிரப்பி நேராக ராணுவப் பதிவுகளைத் திருத்தும் வாரியத்துக்கு அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். அந்த வாரியம் கடைசிப் படி, அதற்கு முன்னால் இருக்கிற வழிகளை முடித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பிவிடுவார்கள் என்றார் அதிகாரி. ஆதாரம் கையில் இருக்கிற எழுத்துப் பிழைக்கு ஆர்மிக்காரர்கள் முதலில் கென்டக்கியில் போர்ட் நாக்ஸில் இருக்கும் மனிதவள கமாண்டிடம் கேட்க வேண்டும். வாரியத்துக்குப் போக வேண்டி வந்தால் தவறு தெரிய வந்த நாளில் இருந்து மூன்று வருடம் கெடு. நியாயம் கருதி அதைத் தளர்த்தவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு, அதனால் காலம் போய்விட்டது என்று யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம்.

காத்திருக்கும் அறையில் ஒரு பெரியவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வியட்நாமில் இருந்தவர். சமையல் பிரிவு என்று பதிவு, ஆனால் அங்கே ஓட்டியது முழுக்க லாரி. அவருடைய காகிதம் எல்லாம் 1973ல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத் தீயில் போய்விட்டது என்று யாரோ சொல்லி, ஐம்பது வருடமாக அதையே நம்பியிருக்கிறார். அறைக் கதவு திறந்தே இருந்ததால் பேச்சு எனக்கும் கேட்டது. அந்தத் தீயில் எரிந்த ஆர்மி கோப்புகள் 1960 ஜனவரி 1 வரைக்கும் வெளியே வந்தவர்களுடையவை, உங்களுடையது அதில் வராது என்று அதிகாரி சொன்னதும் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஆர்டர் இல்லாததால் வேலைப் பிரிவுக் கட்டம் மாறும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்பதையும் அதிகாரி மறைக்கவில்லை. ஆனால் விஏ கிளெய்முக்கு அந்தக் கட்டம் ஒன்றுதான் சாட்சி என்று இல்லை, கூட இருந்தவர்கள் எழுதித் தரும் வாக்குமூலமும் யூனிட்டின் தினசரி ஆள் கணக்கான பழைய மார்னிங் ரிப்போர்ட்டும் உதவும் என்று சொல்லி, ராணுவப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் எஸ்எஃப் 180 படிவத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்தே நிரப்பினார். அரை மணி நேரம் ஆனது. என் முறை தள்ளிப் போனது, எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் ஒரு பைசா வாங்கவில்லை. இதே திருத்தத்துக்கு ஒரு தனியார் கம்பெனி போனில் 600 டாலர் கேட்டது, என் 14ஆம் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று கூடக் கேட்கவில்லை. பணம் கட்டும் முன் உங்கள் கவுண்டி அலுவலகத்தையோ, லீஜியன், டிஏவி போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களின் பிரதிநிதியையோ ஒரு முறை பாருங்கள்.

குறை என்னவென்றால், என் விண்ணப்பம் முதல் தடவை கையெழுத்து இல்லாமல் போய்விட்டது. முன்மேசையில் இருந்தவர் கவனிக்கவில்லை, ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. மன்னிப்புக் கேட்டு அன்றைக்கே மறுபடி அனுப்பினார்கள். இருந்தாலும் ஆறு வாரம் ஆறு வாரம்தான். போன் செய்தாலும் சீக்கிரம் எடுக்க மாட்டார்கள், நேரில் போவது மேல்.

அடுத்த ஐந்தாவது மாதம் டிடி 215 வந்தது. பழைய 214ஐ மாற்றித் தர மாட்டார்கள், திருத்தம் தனிக் காகிதமாகத்தான் வரும், எங்கே காட்டினாலும் இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும். அதில் 92ஏவுக்கு இவ்வளவு, 13பிக்கு இவ்வளவு என்று வருடம், மாதக் கணக்கோடு இருக்கிறது. கிச்சன் மேசையில் வைத்து மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கிளெய்மை அதற்கு அடுத்த வாரம் அதே அதிகாரி போட்டுக் கொடுத்தார்.

புதன்கிழமை காலையில் கூட்டம் குறைவு. போகும்போது டிடி 214ன் எல்லாப் பக்கமும், கையில் இருக்கிற பழைய ஆர்டர் எதுவானாலும், எடுத்துக்கொண்டு போங்கள். அனுப்புவதற்கு முன் கையெழுத்துப் போடும் இடத்தை நீங்களே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.