ஜோ தாமஸா, ஜேசன் கெல்சியா? இரண்டு லைன்மேன்கள், இரண்டு வாழ்க்கை

அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு எத்தனை யார்டு, அதைப் பிடிக்கும் ரிசீவருக்கு எத்தனை டச்டவுன் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அவர்களுக்கு முன்னால் நின்று எதிரணியை மறித்து இடிவாங்கும் ஐந்து ஆஃபென்சிவ் லைன்மேன்களுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. டிவியில் அவர்களுடைய நம்பரைச் சொல்வதே பெரும்பாலும் எதிராளியைப் பிடித்து நிறுத்தியதற்கு ஹோல்டிங் பெனால்டி விழும்போதுதான். அதனால் இரண்டு லைன்மேன்களில் யார் மேல் என்று பேச ஆரம்பித்தால் விடிய விடியப் பேசலாம். ஆனாலும் கிளீவ்லண்ட் பிரௌன்ஸ் அணியில் லைனின் இடது ஓரத்தில் நின்ற லெஃப்ட் டேக்கிள் ஜோ தாமஸையும், ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணியில் நடுவில் நின்ற சென்டர் ஜேசன் கெல்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். லீகின் அந்தந்த வருடச் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-புரோவில் இருவரும் முதல் அணிக்குத் தேர்வானது சரியாக 6 முறை. சமமாக இருப்பது அது ஒன்றுதான்.

தாமஸ் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து 2007 டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், மூன்றாவது ஆளாகப் போனவர். அன்றைக்கு நியூயார்க் மேடைக்கு வரச் சொன்னபோது, வரவில்லை என்று சொல்லிவிட்டு அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போய்விட்டார். கெல்சி கிளீவ்லண்ட் ஹைட்ஸில் வளர்ந்த பையன். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்காகச் சேர்ந்து, தடுப்பு அணியில் லைன்பேக்கராகி, கடைசியில் லைனுக்கு வந்தவர். 2011-ல் ஆறாவது சுற்று, 191-வது தேர்வு. சென்டருக்கு உடம்பு போதாது என்பதுதான் அப்போதைய பேச்சு.

வேலையைப் பார்த்தால், இருவரும் ஒரே வரிசையில் நின்றாலும் செய்வது வேறு வேறு. வலது கைக்கார குவார்ட்டர்பேக் பந்தை எறியத் திரும்பும்போது அவருடைய முதுகுப் பக்கம் லெஃப்ட் டேக்கிளின் பொறுப்பு. எதிரணியிலிருந்து ஓடி வருகிறவன் இவரைவிட எடை குறைந்தவன், வேகமானவன், முன்னால் பார்த்து ஓடுகிறான். இவரோ பின்னால் நகர்ந்துகொண்டே அவனை மறிக்க வேண்டும். இடது காலைப் பின்னால் தள்ளி, வலது காலைத் தரையை விட்டு அதிகம் தூக்காமல் இழுத்து, இடுப்பைத் தாழ்த்தி, கைகளை அவசரப்பட்டு நீட்டாமல் காத்திருக்க வேண்டும். ஒரு நொடி முந்தி கையை விட்டால் அவன் அதைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவான். தாமஸ் இதைச் செய்யும்போது உடம்பு ஆடாது, சமநிலை போகாது. ஒவ்வொரு முறையும் பின்வாங்கும் கோணத்தையும் கை வைக்கும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பார். இதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: தோற்றுக்கொண்டிருக்கும் அணி பந்தை எறிந்தே ஆக வேண்டும், அது எதிரணிக்கும் தெரியும், அதனால் அவர்கள் பந்தை ஏந்தி ஓடுவார்களோ என்ற கவலையே இல்லாமல் பாய்ந்து வருவார்கள். தாமஸின் அணி கிட்டத்தட்ட எப்போதும் தோற்றுக்கொண்டிருந்த அணி.

சென்டரின் வேலை வாயிலிருந்து தொடங்குகிறது. எதிரணி நிற்கும் விதத்தைப் படித்து, யார் யாரை மறிப்பது என்று கத்திச் சொல்லிவிட்டு, ஒரு கையால் பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் அனுப்பிய அதே கணத்தில், 150 கிலோ ஆள் ஒருவன் நெஞ்சில் வந்து மோதுவான். கெல்சிக்கு 130 கிலோவை ஒட்டிய உடம்புதான். எடையில் தோற்கும் இடத்தில் கால் வேகத்தாலும் கோணத்தாலும் ஜெயித்தார். பந்தைப் பின்னால் அனுப்பிவிட்டு (அதுதான் ஸ்னாப்) அப்படியே விலகி வெளிப்பக்கம் ஓடி, பந்து வைத்திருப்பவனுக்கு முன்னால் லைன்பேக்கரைத் தள்ளிக்கொண்டு போவார். ஒரு சென்டர் அப்படி ஓடுவதைப் பார்ப்பதே தனி சுகம். அப்புறம் அந்த டுஷ் புஷ். ஒரு யார்டு வேண்டும் என்றால் ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸைப் பின்னாலிருந்து தள்ளுவார்களே, அந்தக் குவியலின் அடியில் கிடந்தவர் கெல்சி.

உழைப்பில் யாரும் தாமஸ் பக்கம் நெருங்க முடியாது. 2007-ல் முதல் ஆட்டத்திலிருந்து 2017 அக்டோபர் 22-ல் டென்னசி டைட்டன்ஸுக்கு எதிராக ட்ரைசெப்ஸ் கிழியும் வரை, தொடர்ந்து 10,363 ஸ்னாப், அதாவது அத்தனை முறை பந்து ஆட்டத்துக்கு வந்தபோதும் களத்தில் இருந்தார். ஒன்றைக்கூட விடவில்லை. கெல்சி 2012-ல் இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து அந்த சீசனை இழந்தவர், ஆனால் பின்னாளில் தொடர்ந்து 156 ஆட்டங்களைத் தொடங்கினார். அதுவும் சாதாரணமில்லை.

வெற்றி என்று வந்தால் மனசு கஷ்டமாகிவிடும். தாமஸ் இருந்த 11 சீசன்களில் பிரௌன்ஸ் 48 ஜெயித்து 128 தோற்றது. ஒரே ஒரு ப்ளேஆஃப் ஆட்டம்கூட இல்லை. முதல் வருடம் 10 வெற்றி, 6 தோல்வி எடுத்தும் உள்ளே போகவில்லை. கடைசி வருடம் 0-16. 2015-ல் அவரை டென்வர் பிராங்கோஸுக்கு மாற்றும் பேச்சு நடந்து, கைகூடாமல் போனது. அந்த சீசனில் டென்வர்தான் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றது. கெல்சிக்கோ 2018 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸை 41-33 என்று ஜெயித்த சூப்பர் பௌல் மோதிரம் இருக்கிறது. வெற்றி ஊர்வலத்தில், ஃபிலடெல்பியாவின் புத்தாண்டு ஊர்வலக்காரர்களான மம்மர்ஸ் வேஷம் போட்டுக்கொண்டு அருங்காட்சியகப் படிகளில் நின்று, யார் யாரை எப்படியெல்லாம் மட்டம் தட்டினார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி முழங்கினாரே, ஒரு லைன்மேன் பேசியதை ஊரே நின்று கேட்டது. 2023 சூப்பர் பௌலில் தம்பி டிராவிஸின் கன்சாஸ் சிட்டி அணியிடம் 38-35-ல் தோற்றதும் அவர் கதையில் உண்டு.

சம்பளத்தில் தாமஸ்தான் மேல்: 2011-ல் 7 வருடத்துக்கு 8.4 கோடி டாலர் ஒப்பந்தம். கெல்சிக்கு 2014-ல் 6 வருடத்துக்கு 3.75 கோடி. லெஃப்ட் டேக்கிளுக்கு எப்போதும் விலை அதிகம்.

எல்லாரும் மோதிரத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. தாமஸுக்கு 11 வருடத்தில் 6 தலைமைப் பயிற்சியாளர்கள். ஒவ்வொருவர் வரும்போதும் புதுத் திட்டம், புது குவார்ட்டர்பேக், பக்கத்தில் புது ஆள். கெல்சிக்கும் தலைமை மாறியது, ஆனால் 2013 முதல் ஓய்வு பெறும் வரை லைன் கோச் ஒரே ஆள், ஜெஃப் ஸ்டௌட்லண்ட். லைனில் ஐந்து பேரும் ஒரே மாதிரி யோசிக்கப் பழகுவதுதான் பாதி வேலை, அதற்கு வருடங்கள் வேண்டும். அந்த வசதி கெல்சிக்குக் கிடைத்தது, தாமஸுக்குக் கிடைக்கவே இல்லை.

இந்த இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்கு ஜான் அர்ஷல் வழியும் இருக்கிறது. பால்டிமோர் ரேவன்ஸ் அணியில் கார்டாக, அதாவது லைனில் சென்டருக்குப் பக்கத்து இடத்தில் இருந்தவர், 2017-ல் 26 வயதிலேயே நிறுத்திக்கொண்டு எம்ஐடியில் கணிதத்தில் முனைவர் பட்டம் முடித்தார். தலையைக் காப்பாற்றிக்கொண்டு போன அந்த முடிவில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இருவரில் என் ஓட்டு தாமஸுக்கே. இளம் லைன்மேன் ஒருவனுக்கு எந்த வாழ்க்கை அமைய வேண்டும் என்று கேட்டால் கெல்சியுடையது என்பேன், சரி. ஆனால் தன் கையில் இருந்த வேலையை யார் நன்றாகச் செய்தார் என்றால் அது தாமஸ். 2023-ல், தகுதி பெற்ற முதல் வருடமே ஃபுட்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். கெல்சிக்கு 2029-ல் முறை வரும். அவரையும் முதல் வருடமே எடுக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு யாராவது மோதிரத்தைக் காட்டி இவர் தாமஸுக்கும் மேல் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.